கறுப்புத் திரையில் வராத பின்னூட்டம்

என் பிரியமுள்ள தேவா,

உன் மெஷினில் உட்கார்ந்துதான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். காலை ஆறரை மணி. தி. நகரில் என் வீட்டு ஜன்னலுக்குக் கீழே பாத்திரக் கடைக்குச் சரக்கு வந்து இறங்குகிறது. அந்தச் சத்தத்தைத் தவிர இந்த அறையில் என்னைத் தொந்தரவு செய்ய ஒன்றுமில்லை. திரை முழுக்கக் கறுப்பு, அதில் பச்சை எழுத்து. உன் பெயரைத் தட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறது. முதல் வாரம் கண் வலித்தது, இப்போது பழகிவிட்டது. இத்தனை வருஷமும் இப்படித்தான் தமிழ் படித்தாயா?

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. உனக்கு நான் ஒரு நன்றியும் சொல்ல வேண்டும், உனக்குத் தெரியாமல் உனக்குச் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். நன்றி சொல்லி எனக்குப் பழக்கமில்லை, குறை சொல்லித்தான் பழக்கம். அதனால் வரிசை மாறி வந்தால் பொறுத்துக்கொள்.

உன்னை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் பழைய கதை. தொண்ணூறுகளின் பின்பாதியில் ஈக்காட்டுத்தாங்கலில், ஒரு லேத் பட்டறையின் மாடியில், நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் நிரல் எழுதினோம். கீழே இரும்பு அறுபடும்போது மேலே நம் மேசை அதிரும். அலுவலகத்தில் இருந்தது ஒரே தொலைபேசி. மாணவர்களுக்கென்று மலிவாகக் கொடுத்த இணையக் கணக்கு ஒன்றை உன் சித்தி மகன் பெயரில் வாங்கி வைத்திருந்தாய். அதில் படம் வராது, வண்ணம் வராது, எழுத்து மட்டும்தான். முதலாளி சாப்பிடப் போன பிறகு மோடத்தைக் கத்தவிட்டு, உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கத்தை வரவழைப்பாய். அது வரிவரியாக இறங்கும். நாம் இரண்டு பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு படிப்போம்.

பிறகு எல்லோருக்கும் படம் வந்தது. எனக்கும் வந்தது. நீ மட்டும் அந்தக் கறுப்புத் திரையிலேயே தங்கிவிட்டாய். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வேறு வேறு காரணம் சொன்னாய். கண்ணுக்கு நல்லது என்றாய், பழைய மெஷின் தாங்காது என்றாய். என்னிடம் சொன்னது வேறு.

"படம் பாக்கணும்னா வெளிய போனா போச்சு மச்சி. மெரினா கீது, மாட வீதி கீது. இங்க நான் படிக்க வந்துக்கிறேன்."

எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதல் இரண்டு திரைக்கு முகப்பு, எங்களைப் பற்றி, தொடர்புக்கு, உள்நுழைக என்று வாசல்களாகவே வரும். கீழ் அம்புக்குறியைப் பொறுமையாக அழுத்திக்கொண்டே போவாய். விஷயம் வந்ததும் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாய். படம் இருந்த இடத்தில் சதுர அடைப்புக்குள் 'படம்' என்று ஒரு வார்த்தை மட்டும் நிற்கும். 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க, போக்குவரத்து விளக்குகள் உள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுக்கவும்' என்று கேட்கிற இடத்தில் மட்டும் நீ தோற்றுப்போவாய். உன் திரையில் கட்டமும் இல்லை, விளக்கும் இல்லை. அப்போது சட்டையை மாட்டிக்கொண்டு, மந்தைவெளியிலிருந்து நடந்தே போய் வங்கியின் கவுன்டரில் நிற்பாய். அங்கே இருப்பவர்களுக்கெல்லாம் உன் பெயர் தெரியும். "ரோபோ இல்லன்னு நேர்ல காட்டிட்டு வந்தேன்" என்று வந்து சொல்வாய்.

நான் அந்த நாட்களில் உன்னைக் கேலி செய்தேன். என் ஆத்திரங்களை வளர்க்க எனக்குப் படங்கள் தேவைப்பட்டன என்பது இப்போதுதான் புரிகிறது. என் தம்பி, அப்பாவின் கடையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவன், பெசன்ட் நகரில் வீடு கட்டிப் புதுமனை புகுவிழாப் படங்கள் போட்டால் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்ப்பேன். வாசல் கதவின் மரம் என்ன மரம் என்று பார்ப்பேன். எனக்குக் கீழே வேலை பார்த்துவிட்டு எனக்கு மேலே போனவன் சால்வையோடு நிற்கும் படத்தை ஒரு நாளில் நாலு தடவை பார்ப்பேன். இது உனக்குத் தெரியும், பலமுறை திட்டியிருக்கிறாய்.

இனி அந்தக் காரியத்துக்கு வருகிறேன்.

உன் மகள் அனு உனக்கு ஒரு வலைப்பூ அமைத்துக் கொடுத்தாள். நீ பத்து நாளுக்கு ஒரு கட்டுரை எழுதினாய். நான் என் போனில் ஒன்று விடாமல் படித்தேன். நன்றாக எழுதினாய், அதை உன்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. பிறகு ஈக்காட்டுத்தாங்கல் நாட்களைப் பற்றி ஒன்று எழுதினாய். பட்டறையில் எந்த வேலை எந்த இயந்திரத்தில் ஓடுகிறது என்று சொல்லும் அந்த நிரலைப் பற்றி. எட்டு மாதம் நாம் இருவரும் சேர்ந்து எழுதியது. அதன் வரிசைப்படுத்தும் பகுதி முழுக்க என்னுடையது. உன் கட்டுரையில் 'நான்' என்ற சொல் இருபத்து மூன்று இடத்தில் இருந்தது, எண்ணினேன். 'நாங்கள்' ஓர் இடத்திலும் இல்லை. என் பெயரும் இல்லை.

கோபத்தில் அங்கேயே, கட்டுரைக்குக் கீழே, பின்னூட்டமாக நான்கு வரி எழுதினேன். மூன்று வரி நிரலைப் பற்றி. நான்காவது வரி உன் அப்பாவைப் பற்றி.

உன் அப்பாவின் வேலை எப்படிப் போனது என்று வாழ்க்கையில் ஒரே முறைதான் சொன்னாய், எலியட்ஸ் கடற்கரையில், என் முகத்தைப் பார்க்காமல். அது பொய்ப் புகார் என்றாய். உன் மனைவி வசந்தாவிடம்கூடச் சொன்னதில்லை என்றாய். அதை எடுத்து உன் மேல் எறிந்தேன். என்ன எழுதினேன் என்று இங்கே மறுபடியும் எழுதமாட்டேன். ஒருமுறை எழுதியதே அதிகம்.

எழுதிவிட்டுக் காத்திருந்தேன். சண்டை போடுவாய் என்று எதிர்பார்த்தேன். உன் பதிலுக்கு என் பதில் என்ன என்பதுகூடத் தயாராக இருந்தது. மூன்று நாள் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாய். "இன்னா மச்சி, வடகறி சாப்ட போலாமா?"

அந்தக் குரலில் ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் என்னை எரித்தது. இவ்வளவு எழுதியும் இவனுக்கு நான் கோபப்படும் அளவுக்குக்கூட ஆள் இல்லையா? வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்தேன். அடுத்த ஞாயிறு எடுக்கவில்லை. அதன் பிறகு எப்போதுமே எடுக்கவில்லை. இரண்டு வருஷம், தேவா. நீ விடாமல் கூப்பிட்டாய். பொங்கலுக்கு, என் பிறந்தநாளுக்கு, ஊரெல்லாம் வெள்ளம் வந்தபோது. ஒவ்வொரு முறையும் உன் பெயர் திரையில் மினுங்கி அணைவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். நீ என்னைப் பரிகாசம் செய்கிறாய் என்றே நினைத்தேன். அந்தப் பின்னூட்டத்தையும் அவ்வப்போது திறந்து பார்ப்பேன். அது இருந்த இடத்திலேயே இருக்கும். 'பார், அழிக்கக்கூட இல்லை, எவ்வளவு திமிர்' என்று சொல்லிக்கொள்வேன்.

கடைசியாக ஒரு குரல் செய்தி அனுப்பினாய். "இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லிட்டு கோச்சுக்க மச்சி. தெரியாம கோச்சுக்கினா நான் எத்த திருத்திக்கறது?"

அதையும் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டேன். ஏழாம் நாள் உன் இதயம் நின்றுவிட்டது என்று செய்தி வந்தது. வந்தேன். உங்கள் தெருமுனையில் இளநீர்க் கடைக்குப் பக்கத்தில் நின்றேன். உன்னை எடுத்துக்கொண்டு போகும்வரை நின்றுவிட்டு, வீட்டுக்குள் வராமல் திரும்பினேன்.

இரண்டு மாதம் கழித்து வசந்தா கூப்பிட்டாள். அவளுடைய அழைப்பை எடுக்காமலிருக்க எனக்குத் தைரியம் வரவில்லை. உன் மெஷினை என்ன செய்வதென்று தெரியவில்லை என்றாள். "தொடவே பயமா கீது அண்ணே. கறுப்பா வருது, எலியும் இல்ல, பொம்மையும் இல்ல. உங்களுக்குத்தான் அது தெரியும்னு அவரு சொல்லுவாரு." வருஷ திதிக்குள் உன் கட்டுரைகளைச் சின்னப் புத்தகமாகப் போட்டு, வருபவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. உன் பக்கத்தில் இருப்பதை எல்லாம் ஒன்று விடாமல் எடுத்துத் தரச் சொன்னாள்.

ஒன்று விடாமல் என்றால் என் நான்கு வரியும் அதில் சேர்த்தி.

மந்தைவெளி வீட்டுக்கு வந்தேன். உன் நாற்காலியில் உட்காரச் சொன்னாள். காபி கொண்டுவந்து வைத்துவிட்டு என் பக்கத்திலேயே நின்றாள். நின்றவள் மெதுவாகக் கேட்டாள்: "அவரு உங்கள எதுனா தப்பா பேசிட்டாரா அண்ணே? கடைசிவரைக்கும் அவருக்கு அதுதான் யோசன. நானும் கேட்டுப் பாத்தேன், தெரியல வசந்தான்னாரு. எதுனா சொல்லியிருந்தா மனசுல வச்சுக்காதீங்க. அவருக்காக நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

நீ செய்யாத தப்புக்கு உன் மனைவி என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் காபியைக் குடித்தேன், தேவா.

அவள் சமையலறைக்குப் போனதும் உன் பக்கத்தைத் திறந்தேன். கட்டுரைகளின் பட்டியல் வரிவரியாக இறங்கியது. அந்தக் கட்டுரைக்குப் போனேன். கீழ் அம்புக்குறியை அழுத்தி அழுத்திக் கடைசி வரிக்கு வந்தேன். 'பின்னூட்டங்கள்' என்று ஒரு வார்த்தை இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. கறுப்பு.

தவறான கட்டுரையோ என்று மேலே போய்ப் பார்த்தேன். அதே கட்டுரைதான், அதே இருபத்து மூன்று 'நான்'. போனை எடுத்து அதே பக்கத்தைத் திறந்தேன். போனில் என் நான்கு வரியும் இருந்தது. மெஷினில் இல்லை. இரண்டு திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. காபி டம்ளரை எடுக்க வந்த வசந்தா, "ஏன் அண்ணே, கெட்டுப் போச்சா?" என்று கேட்டாள்.

கெடவில்லை. உன் மெஷின் எப்போதும் செய்ததைத்தான் செய்தது. பின்னூட்டங்கள் பக்கத்தோடு வருபவை அல்ல. பக்கம் வந்த பிறகு, அதற்குள் ஒரு நிரல் ஓடி, வேறு இடத்திலிருந்து அவற்றைக் கொண்டுவந்து நிரப்பும். எழுத்தை மட்டும் எடுத்து வைக்கும் உன் உலாவி அந்த நிரலை ஓட்டாது. இது எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமாக இதைத் தின்றுதானே வாழ்ந்தேன். உன் திரையில் எது வரும், எது வராது என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? கோபத்தில் உன்னையே மறந்துபோய், என்னைப் போன்ற ஒருவனுக்கு அந்த நான்கு வரியை எழுதியிருக்கிறேன்.

நீ பார்க்கவே இல்லை. வடகறி சாப்பிடக் கூப்பிட்டது வடகறி சாப்பிடத்தான். பொங்கலுக்குக் கூப்பிட்டது பொங்கலுக்குத்தான். என்ன தப்பு என்று நீ கேட்டது, உனக்கு நிஜமாகவே தெரியாததால்.

சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று புரியவில்லை. பிறகு இன்னொரு பயம் வந்தது. பின்னூட்டம் வந்தால் பக்கத்தின் சொந்தக்காரருக்கு மின்னஞ்சல் போகுமே? உன் அஞ்சல் பெட்டியைத் தேடினேன். மன்னித்துக்கொள். அதில் அப்படி ஒன்றும் இல்லை. ஒன்றுகூட இல்லை என்றால் அந்த அஞ்சல்கள் எங்கே போயின? அப்போதுதான் நினைவு வந்தது, அந்தப் பக்கத்தை அமைத்தது நீ அல்ல.

அனு அடையாற்றில் வேலை பார்க்கிறாள் என்பதும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பாள் என்பதும் வசந்தா சொல்லித் தெரியும். அவள் முன்னால் வந்து நிற்கப் பல மாதம் தள்ளிப்போட்டுவிட்டு, போன மாதம் ஒரு ஞாயிறு காலை வந்தேன். வசந்தா கோயிலுக்குப் போயிருந்தாள். எப்படித் தொடங்குவது என்று நான் தடுமாறியபோது உன் மகள் எனக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்கவில்லை.

"நீங்க எழுதினது எனக்கு வந்துச்சு மாமா. அன்னிக்கே."

அப்பாவிடம் சொன்னாயா என்று கேட்டேன்.

"எப்படிச் சொல்றது? தாத்தாவைப் பத்தி எனக்கே அதுலதான் தெரியும். அப்பா சொல்லாததை நான் படிச்சிட்டேன்னு அவர்கிட்ட போய்ச் சொல்ல முடியுமா?"

அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. உன் அப்பாவைப் பற்றி உன் மகள் அறிந்தது என் நான்காவது வரியிலிருந்து. பொய்ப் புகார் என்று நீ சொன்னதை நான் அதில் எழுதவில்லை. அதை அன்று, அந்தக் கூடத்தில், அவளுக்குச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், எனக்கு.

ஊரில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை என்றாள். வந்த நிமிஷமே அதை வெளியில் காட்டாமல் நிறுத்தி வைத்துவிட்டாளாம். அப்படி நிறுத்தினால் எழுதியவனுக்கு மட்டும் அது தெரிந்துகொண்டே இருக்கும். இரண்டு வருஷமாக உன் திமிருக்குச் சாட்சி என்று நான் திறந்து திறந்து பார்த்தது, உலகத்தில் என் ஒருவன் கண்ணுக்கு மட்டும் தெரிந்த நான்கு வரி.

"அழிச்சிருக்கலாமேம்மா" என்றேன்.

"உங்க கையால எழுதினது. நீங்கதான் அழிக்கணும்னு விட்டுட்டேன். அழிப்பீங்கன்னு நெனச்சேன், லேட்டாயிடுச்சு."

அவள் முன்னாலேயே போனை எடுத்து அழித்தேன். 'நிச்சயமாக நீக்கவா?' என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். அவ்வளவுதான், ஒரு நொடிகூட ஆகவில்லை.

போகும்போது, அம்மாவுக்கு இது தெரிய வேண்டுமா என்று அவளிடம் கேட்டேன். தாத்தாவின் மேல் வந்த புகார் என்ன என்பது நம் மூன்று பேரோடு போகட்டும் என்றாள். "ஆனா அப்பா உங்களை என்னமோ செஞ்சிட்டார்னுதான் அம்மா இன்னும் நெனச்சுட்டிருக்காங்க. அதை நான் மாத்த முடியாது மாமா."

அவளால் முடியாது. என்னால் முடியும். அதற்குத்தான் இந்தக் கடிதம். நீ கடைசியாகக் கேட்ட கேள்விக்குப் பதில்: நீ ஒரு தப்பும் செய்யவில்லை, தேவா.

இல்லை, முழு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் பெயரை ஏன் விட்டாய்? உன் மெஷினில் அதற்குப் பதில் தேடினேன், கிடைக்கவில்லை. மறந்தாயா? அடுத்த கட்டுரையில் எழுதலாம் என்று இருந்தாயா? அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. கோபம் போய்விட்டது என்று புத்தகத்துக்காகப் பொய் எழுதினால் நீயே சிரிப்பாய். ஆனால் ஒருவன் பெயரை விட்டதற்கு என்ன தண்டனை? ஒரு வடகறி வாங்கித் தரச் சொல்லலாம். அதற்கு மேல் இல்லை.

இப்போது நன்றி. இந்த மெஷினுக்கு நன்றி. வசந்தா இதை எனக்கே கொடுத்துவிட்டாள். தினமும் காலை இரண்டு மணி நேரம் இதில்தான் படிக்கிறேன். என் தம்பி படம் போடும் தளத்தைப் பழக்கதோஷத்தில் ஒருநாள் திறந்தேன். 'உங்கள் உலாவிக்கு இங்கே ஆதரவில்லை' என்று ஒற்றை வரி வந்தது. அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். எத்தனை மருத்துவர், எத்தனை கோயில், ஒருவராலும் முடியாததை ஒரு வரி செய்தது. தம்பியை மன்னிக்கவில்லை. அவன் கதவைப் பார்க்காமல் இருக்கிறேன், இப்போதைக்கு அது போதும்.

நீ என்னை இரண்டு வருஷம் விடாமல் கூப்பிட்டதற்கு நன்றி. பதில் வராத எண்ணுக்கு அத்தனை முறை கூப்பிட எனக்கு மனம் வராது. அனுவை இப்படி வளர்த்ததற்கு நன்றி. வேண்டாததைக் காட்டாத ஒரு திரையை நீ பிடிவாதமாக வைத்துக்கொண்டிருந்ததற்கு நன்றி. அந்தப் பிடிவாதமும் அனுவும் இல்லையென்றால் நீ அதைப் படித்துவிட்டே போயிருப்பாய்.

கட்டுரைகள் முழுவதையும் எடுத்துவிட்டேன். நாற்பத்தொன்று இருக்கின்றன. எழுத்துப் பிழை தவிர ஒரு சொல்லைத் திருத்தவில்லை. இருபத்து மூன்று 'நான்' அப்படியே இருக்கிறது.

நாளை மந்தைவெளிக்குப் போகிறேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் வசந்தாவை உட்காரவைத்து இந்தக் கடிதத்தை நானே வாசிக்கப்போகிறேன். நடுவில் நிறுத்தமாட்டேன். உன் அப்பாவைப் பற்றி என்ன வரி என்று கேட்டால், அது என் வாயிலிருந்து இனி வராது என்று சொல்வேன். திட்டினால் கேட்டுக்கொள்வேன். வெளியே போ என்றால் போவேன். வேண்டாம் என்று அவள் சொன்னால் இந்தத் தாள்களைக் கிழித்துவிட்டு, நாற்பத்தொரு கட்டுரையோடு புத்தகம் முடியும். சரி என்றால், நாற்பத்திரண்டாவதாக இது கடைசிப் பக்கங்களில் வரும், என் பெயரோடு.

ஆகவே, இது அச்சில் யார் கையிலாவது இருந்தால், உன் வசந்தா சரி என்று சொல்லியிருக்கிறாள்.

அவள் சொல்லும் எந்த வார்த்தைக்கும் எதிர்வார்த்தை பேசமாட்டேன், தேவா. இது சத்தியம்.

வசந்தா என்னை அண்ணன் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்வரை,
உன் மச்சான்,
முத்துக்குமார்